முதலில் பயிற்சியா, முதலில் வேலையா?

கேள்வி: எனது மகனுக்கு 22 வயது. உயர்தரத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தபோது வருத்தம் வந்தது. குரல்கள் கேட்கின்றன, பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னார். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். இப்போது ஒன்றரை வருடமாகக் கிளினிக் மருந்து. ஓலன்சபின் குளிசையை இரவு பதினொரு மணிபோல் போடுகிறார். குரல்கள் இல்லை என்கிறார். ஆனால் காலை பத்து மணிக்கு முன் எழும்புவதில்லை, அறைக்குள்ளேயே இருக்கிறார். அயலில் யாருடைய கொம்பியூட்டரோ போனோ பழுதென்றால் மட்டும் இறங்கிப் போய்த் திருத்திக் கொடுப்பார். தீபாவளிக்கு முந்திய மாதம் என் தம்பி புறக்கோட்டையில் தெரிந்த புடவைக்கடையில் சேர்த்துவிட்டான். காலை எட்டரை முதல் இரவு ஏழரை வரை வேலை. ஒன்பதாம் நாளோடு நின்றுவிட்டார். முதலில் ஒரு கோர்ஸ் படிக்கட்டும், முழுக்கச் சுகமாகட்டும், பிறகு வேலையைப் பார்க்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மகனோ "எனக்கு உழைக்க வேணும்" என்கிறார். மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். வருத்தத்தை முதலாளிக்குச் சொல்வதா, மறைப்பதா? இப்படியான பிள்ளைகளுக்கு உதவும் சேவையைக் கொழும்பில் எங்கே கேட்பது?
ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: உழைக்க வேணும் என்று உங்கள் மகனே சொல்கிறார், அம்மா. மனநல வருத்தம் உள்ளவர்களை ஆதரவுடன் வேலைக்கு அமர்த்தும் சேவைகள் பார்க்கும் தகுதி அது ஒன்றுதான். நோயின் பெயர் என்ன, எத்தனை தரம் ஆஸ்பத்திரியில் இருந்தார், வேலைக்குத் தயாரா என்ற பரிசோதனையில் எத்தனை புள்ளி என்று பார்த்து ஆளைக் கழிப்பதில்லை. ஆகவே அனுப்பலாம். எந்த வேலைக்கு, எத்தனை மணித்தியாலத்துக்கு, பின்னால் யார் நிற்பது என்பவைதான் தீர்மானிக்க வேண்டியவை.

ஒன்பது நாளில் நின்றதை வருத்தத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். தீபாவளிக்கு முந்திய மாதம் புறக்கோட்டைப் புடவைக்கடை வேலையை ஒரு வருத்தமும் இல்லாத பையன்களே விட்டுவிட்டு வருகிறார்கள். எட்டரைக்குக் கடையில் நிற்க வேண்டுமென்றால் காலி வீதியில் ஏழரைக்கு முன்னரே 100 அல்லது 101 பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குப் போட்ட ஓலன்சபினின் மயக்கம் அந்த நேரத்தில் இன்னும் விட்டிருக்காது. அந்தத் தலையோடு நாள் முழுக்க நின்றபடி, ஒரே நேரத்தில் மூன்று வாடிக்கையாளருக்குத் துணி எடுத்துப் போட்டு, தமிழிலும் சிங்களத்திலும் மாறிமாறிப் பதில் சொல்லி, பின்னாலிருந்து பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடுவதையும் தாங்க வேண்டும். இல்லாத குரல்கள் கேட்டுப் பயந்த ஒருவருக்கு அந்த இரைச்சல் எவ்வளவு களைப்பு என்று யோசித்துப் பாருங்கள். அதோடு 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்றுதான் சொல்கிறது. மீதிக்கு ஒன்றரை மடங்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். கடையையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தது மாமா. மகனிடம் யாரும் கேட்கவில்லை.

"முதலில் கோர்ஸ், பிறகு வேலை" என்பது நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான், ஆனால் பலன் குறைந்த வழி. 1990களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ரொபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்ற மனநலச் சேவை ஆய்வாளர்கள் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். விரும்பும் வேலையை முதலில் தேடு, சேர்ந்த பிறகு அந்த இடத்திலேயே பழக்கு, ஆதரவை நிறுத்தாதே என்பதுதான் அவர்கள் உருவாக்கிய ஐ.பி.எஸ். முறை (Individual Placement and Support, ஆளுக்கேற்ற வேலையும் ஆதரவும்). லண்டன், சூரிச், சோபியா உட்பட ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. 18 மாதத்தில் ஒரு நாளாவது வெளியிடத்தில் சம்பள வேலை செய்தவர்கள், இந்த முறையில் நூற்றுக்கு 55 பேர். முதலில் பயிற்சி கொடுத்த வழமையான சேவையில் 28 பேர். வேலைக்குப் போனால் வருத்தம் திரும்பும் என்ற பயத்துக்கும் அங்கே பதில் உண்டு: மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் இந்தக் குழுவில்தான் குறைவு.

காரணம் விளங்கக்கூடியதே. பயிற்சி நிலையத்தில் தையலோ மெழுகுதிரி செய்வதோ பழகிய பிள்ளைக்கு, கடையில் முதலாளி முகத்தைச் சுளித்தால் என்ன செய்வது என்று தெரியாது. அது அந்தக் கடையில்தான் பழக வரும். இன்னொன்று, 20 வயதுக்காரருக்கு ஒரு வருடம் நீண்ட காலம். கூடப் படித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் இருக்க, தான் உறை ஒட்டும் வகுப்பில் இருந்தால் "நான் நோயாளி" என்பது இறுகிப்போகும். முழுக்கச் சுகமாகும்வரை காத்திருப்பதிலும் இதே சிக்கல்தான். உற்சாகம் இல்லாமை, ஆட்களைத் தவிர்ப்பது போன்றவற்றுக்கு மருந்தின் உதவி குறைவு. எழும்புவதற்கு ஒரு காரணம் இருந்தால்தான் அவை குறையும். குரல்கள் பலமாகக் கேட்கும் நாட்களிலோ உயிரை மாய்க்கும் எண்ணம் உள்ளபோதோ சிகிச்சைதான் முதலில். ஒன்றரை வருடமாக நிதானமாக இருக்கும் உங்கள் மகன் அந்த நிலையில் இல்லை.

விதிவிலக்கும் உண்டு. அவரே விரும்பும் வேலைக்குச் சான்றிதழ் கட்டாயமென்றால் கோர்ஸ் வேலைத் தேடலின் ஒரு பகுதி ஆகிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ நைட்டா (NAITA) என்ற அரச பயிற்சி நிறுவனத்திலோ கணினி வன்பொருளுக்கு என்.வி.கியூ. என்ற தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். கடையில் வேலை செய்துகொண்டு எடுப்பது இன்னும் நல்லது. உயர்தரத்தை வெளிவாரிப் பரீட்சார்த்தியாக மறுபடி எழுத விரும்பினாலும் இதே ஆதரவுதான் தேவை: ஆளோடு உட்கார்ந்து நேர அட்டவணை போடுவது, ஒரே தடவையில் எல்லாவற்றையும் ஏற்றாமல் இருப்பது.

இனி எங்கே கேட்பது. அங்கொடை தேசிய மனநல நிறுவகத்திலும், தேசிய வைத்தியசாலை, களுபோவில போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவுகளிலும் வைத்தியரைத் தவிர இரண்டு பேரைத் தேடுங்கள்: உளமருத்துவ சமூக சேவையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர். கிளினிக் நாளில் வைத்தியருக்கு உங்களோடு கதைக்கச் சில நிமிடந்தான் கிடைக்கும். "மகனுக்கு ஏதாவது வேலை பார்த்துத் தாங்கோ" என்றால் பதில் வராது. அரைத் தாளில் நான்கு விடயம் எழுதி, மகனே நீட்டட்டும்: கிழமைக்கு 12 முதல் 16 மணித்தியாலம் வேலை தொடங்க விரும்புகிறேன், காலையில் மயக்கமாக இருப்பதால் குளிசையை இரவு எட்டு மணிக்குப் போடலாமா, கிளினிக் திகதியைச் சனிக்கிழமைக்கோ வேலையில்லாத நாளுக்கோ மாற்ற முடியுமா, சமூக சேவையாளரைச் சந்திக்கக் கடிதம் தருவீர்களா. நேரம் மாற்றுவதை வைத்தியர் சொல்லாமல் நீங்களே செய்ய வேண்டாம். குறைப்பதும் நிறுத்துவதும் கூடவே கூடாது. புதுவேலை தொடங்கும் மாதத்தில் மருந்தைக் குறைத்துப் பார்ப்பதுதான் வேலை இடையில் முறிவதற்கு ஒரு காரணம்.

வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது. அங்கே மனித வள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் வேலை தேடுபவராகப் பதிந்துகொள்ளலாம். சமூக சேவை உத்தியோகத்தரையும் ஒருமுறை காணுங்கள். வீட்டுக்கு அஸ்வெசும போன்ற உதவி ஏதும் வருகிறதென்றால், மகனின் வருமானம் அதைப் பாதிக்குமா என்று வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். பெரிய கம்பனியில் முயல விரும்பினால், இலங்கை முதலாளிமார் சம்மேளனத்தின் கீழ் மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்புக்கான வலையமைப்பு ஒன்று இருக்கிறது. அரச வேலைகளில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லும் 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும் உண்டு. ஆனால் அதை நம்பி வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

வேலைக்கு ஆள் சேர்த்துவிட்டு அதோடு முடிந்தது என்று போகாத ஒருவர்தான் இந்த முறையின் உயிர். முறையான சேவையில் ஒரு வேலைவாய்ப்பு ஆதரவாளர் 20 பேருக்கு மேல் பொறுப்பேற்பதில்லை. சிகிச்சைக் குழுவோடு ஒரே மேசையில் இருப்பார். கிழமைக்கு ஆறு முதலாளிமாரையாவது நேரில் பார்ப்பார். உங்கள் கிளினிக்கில் அப்படி ஒருவர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு ஒருவரை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். தயவுசெய்து அது நீங்களாக இருக்க வேண்டாம், அம்மா. தாய் கடைக்குப் போன் எடுத்தால் முதலாளியின் கண்ணில் மகன் சின்னப்பிள்ளையாகிவிடுவார். தம்பியும் வேண்டாம்; அவருக்கு முந்திய கடைக்காரரிடம் முகம் கெட்ட கோபம் இருக்கும். உத்தியோகம் பார்க்கும் ஒரு மச்சானோ, பெரியம்மாவின் மகளோ, மகனுக்குப் பிடித்த முன்னாள் ஆசிரியரோ போதும். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம், ஒரு வருடத்துக்கு. இதைத் தெளிவாகச் சொல்லியே கேளுங்கள். இரண்டு மாதத்தில் கைவிடும் ஆள் இல்லாததே மேல்.

அந்த ஆதரவாளர் முதலில் செய்ய வேண்டியது மகனோடு ஒரு தேநீர் குடித்துக் கேட்பது. உடம்பு எந்த நேரத்தில் நன்றாக வேலை செய்கிறது? ஆட்களோடு கதைக்கும் வேலையா, பொருளோடு இருக்கும் வேலையா? சிங்களத்தில் போன் எடுப்பது பயமா? நெரிசல் பஸ் முடியுமா, ரயில் பரவாயில்லையா? புடவைக்கடையில் எது தாங்க முடியாமல் போனது, எது பரவாயில்லை? இந்தக் கடைசிக் கேள்வியின் பதில் தங்கம். உங்கள் கடிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது: அறையை விட்டு இறங்காதவர் பழுதான போனுக்காக இறங்குகிறார். வெள்ளவத்தையிலிருந்து கணினிக் கடைகள் உள்ள பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா சில நிமிடப் பயணம், கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசா இன்னும் கொஞ்சம். காலி வீதி நெடுகிலும் சின்னத் திருத்தும் கடைகள். பெரும்பாலானவை காலை பத்து மணியளவில்தான் சுறுசுறுப்பாகும். பின்மேசையில் திரை மாற்றுவது, மென்பொருள் ஏற்றுவது, வந்த பொருளைக் கொப்பியில் பதிவது போன்ற வேலைக்கு முன்வாசலில் நிற்கத் தேவையில்லை.

முதலாளியைக் காணப் போகும் ஆதரவாளர் மூன்று தரம் போக வேண்டும். முதல் தரம் வேலையே கேட்பதில்லை. "பத்து நிமிஷம் கதைக்கலாமா? உங்கட கடையில என்ன வேலைக்கு ஆள் நிக்கிறதில்லை, எது தேங்கிக் கிடக்குது எண்டு அறிய வந்தனான்" என்று கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு வருவது. சனிக்கிழமையும், பண்டிகைக்கு முந்திய கிழமைகளும், மாலை நேரமும் தவிர்க்க வேண்டியவை. செவ்வாய், புதன் முற்பகல் நல்லது. இரண்டாம் தரம், கேட்டது சரியா என்று உறுதிப்படுத்தி, பொருத்தமான ஒருவர் இருக்கிறார், காலை பத்தரை முதல் இரண்டரை வரை வருவார் என்று சொல்வது. மூன்றாம் தரம் மகனைக் கூட்டிக்கொண்டு போவது. "பாவம், ஒரு வருத்தக்காரப் பிள்ளை, உதவி செய்யுங்கோ" என்ற பேச்சு வேண்டாம். இரக்கத்தில் கொடுத்த வேலை, முதல் தவறோடு இரக்கம் தீர்ந்ததும் போய்விடும். தேங்கிக் கிடக்கும் வேலையை முடிக்கும் ஆள் என்று போனால் அது நிற்கும். முடிவெடுத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முதல் கடையைக் கண்டிருக்க வேண்டும். தள்ளிப்போனால் ஆசை ஆறிப்போகும்.

சம்பளம் இல்லாமல் "சும்மா வந்து பழகட்டும்" என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சும்மா பழகுபவருக்கு யாரும் வேலை சொல்லிக் கொடுப்பதில்லை, தேநீர் வாங்கத்தான் அனுப்புவார்கள். மூன்று நாள் பார்த்துத் தீர்மானிக்கட்டும், ஆனால் கூலியோடு. தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 30,000 ரூபாய், நாளுக்கு 1,200. நான்கு மணித்தியாலத்துக்கு 600க்குக் கீழே இறங்க வேண்டாம். ஊழியர் சேமலாப நிதிக்கு அவரது 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 வீதமும் அரைநேர ஊழியருக்கும் உரியவை. நேரமும் சம்பளமும் எழுதிய கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நேரத்தை எழுதாவிட்டால் இரண்டரை மணி மெல்ல மெல்ல ஆறு மணியாகும்.

நான்கு முதல் ஆறு கிழமை அதே அளவில் போகட்டும். பிறகு கூட்டுவதென்றால் நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது புதுப் பொறுப்பைக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மாதத்தில் வேண்டாம். காலையில் எழும்பும் நேரத்தை வேலை தொடங்கும் முன்பே, மூன்று நாளுக்கு அரை மணித்தியாலமாக முன்னே நகர்த்துங்கள். கோல் சென்டர் வேலைக்குச் சம்பளம் நன்றாக இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். இரவுமாற்று உள்ளதென்றால் வேண்டாம். தூக்கம் குலைவதுதான் இந்த வருத்தங்கள் திரும்பும் நேர்வழி. (இதை வாசிக்கும் வேறு பெற்றோருக்கு ஒன்று: பிள்ளை மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மருந்து எடுப்பவரென்றால், வேர்த்துக் கொட்டும் களஞ்சியசாலை வேலையும் முதுகுவலிக்கு வாங்கிப் போடும் டைக்குளோபெனக் குளிசையும் இரத்தத்தில் லித்தியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடலாம். வேலை மாறுமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள்.)

சொல்வதா, மறைப்பதா? தீர்மானம் மகனுடையது. உங்களுடையதோ தம்பியுடையதோ அல்ல. சொல்லவேண்டியது நோயின் பெயர் இல்லை; வேலைக்கு எது தேவையோ அது மட்டும். "எனக்கு ஒரு வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறன். காலையில கொஞ்சம் மயக்கம் இருக்கும், அதால பத்தரைக்குத் தொடங்கினா நல்லா வேலை செய்வன். மாதத்தில ஒரு நாள் கிளினிக் இருக்கு." இதற்கு மேல் கேட்டால் "அது எனக்கும் டொக்டருக்கும் உள்ள விஷயம்" என்று சிரித்துக்கொண்டு சொல்லப் பழக்குங்கள், ஆதரவாளரோடு நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தால் வாயில் வரும். எதுவும் சொல்லாவிட்டால் இரகசியம் காக்கப்படும், ஆனால் சலுகை கேட்க முடியாது. கிளினிக் நாளுக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு பொய் தேவைப்படும், அந்தப் பொய் அவரைக் களைக்கச் செய்யும். வேலையில் சேர்ந்து ஒரு மாதம் வேலையைக் காட்டிய பிறகு சொல்வதும் ஒரு வழி. எழுத்துமூல மருத்துவப் படிவத்தில் மட்டும் பொய் எழுத வேண்டாம்.

மகளின் சம்பந்தத்தை நினைத்துத் தயங்குவது விளங்குகிறது. அதற்காகவே உறவுக்காரரின் கடையைத் தவிர்த்து, உங்கள் வட்டத்துக்கு வெளியே தேடுங்கள். இன்னொரு சின்ன விடயம், பலர் கவனிப்பதில்லை: மருத்துவக் கடிதத்தின் தலைப்பில் மனநல நிறுவகம் என்றிருந்தால் உள்ளே என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை. வேலை செய்யத் தகுதி உண்டு, நாளுக்கு நான்கு மணித்தியாலம் என்ற இரண்டு வரியை உங்கள் குடும்ப வைத்தியரிடம் வாங்கலாம். சுயவிபரத்தில் இரண்டு வருட இடைவெளிக்கு "சுகவீனம் காரணமாகப் படிப்பை நிறுத்தினேன், இப்போது நலம், வீட்டிலிருந்து கணினி திருத்தினேன்" என்பது போதும். அது உண்மையும்கூட.

வேலை தொடங்கிய பிறகுதான் ஆதரவாளருக்கு உண்மையான வேலை. முதல் மூன்று நாளுக்குள் ஒருமுறை நேரில் காண வேண்டும், முதல் மாதம் கிழமைக்கு ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு வருடத்துக்கு. கடைக்குள் போய் நிற்கத் தேவையில்லை. வேலை முடிந்ததும் ஒரு பிளேன்ரீ கடையில் கதைக்கலாம். இரண்டாம், மூன்றாம் கிழமையில் சறுக்கும் என்று முன்கூட்டியே எதிர்பாருங்கள். புதுமை தீர்ந்து, களைப்பு சேர்ந்து, யாராவது ஒரு பகிடி விட்டிருப்பார்கள். அந்தக் கிழமையில் "இனிப் போகமாட்டன்" என்றால் விவாதிக்காமல் "நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் மட்டும் போய்ப் பார்" என்பதுதான் சரி. வரமுடியாத நாளில் பத்து மணிக்கு முன் மகனே முதலாளிக்குப் போன் எடுக்க வேண்டும். எடுக்க முடியாத நிலையென்றால் ஆதரவாளர் அன்றே வீட்டுக்கு வர வேண்டும். இரண்டு நாள் சொல்லாமல் போகாமல் இருந்தால் மூன்றாம் நாள் வெட்கம்தான் தடுக்கும்.

முன்பு வருத்தம் வந்தபோது முதலில் என்ன மாறியது என்று நீங்கள், மகன், ஆதரவாளர் மூவரும் உட்கார்ந்து எழுதி வையுங்கள். தூக்கம் ஐந்து மணித்தியாலத்துக்குக் கீழே போனதா, யன்னலை மூடத் தொடங்கினாரா, சாப்பாட்டை மணந்து பார்த்தாரா? அவற்றில் இரண்டு, இரண்டு நாள் தொடர்ந்து தெரிந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் போங்கள். இரவில் அவசரமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் 24 மணித்தியாலமும் இயங்குகிறது. முதலாளியிடம் "ஒரு கிழமை சுகவீன லீவு" என்று ஆதரவாளர் பேசி இடத்தைப் பிடித்து வைக்கட்டும்.

இந்த வேலையும் நின்றுபோகலாம். முதல் வேலையிலேயே வருடக்கணக்காக நிற்பவர்கள் எந்த ஊரிலும் குறைவு. அப்போது யார் பிழை என்று தேடாமல், எத்தனை நாள் வேலை செய்தார், எது பிடித்தது, எது முறித்தது என்று குறித்து, அடுத்த கடைக்கு இரண்டு கிழமைக்குள் இறங்குங்கள்.

சம்பளத்துக்கு முன்பே மகனின் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுங்கள். அடையாள அட்டையோடு அவரே போகட்டும். முதல் மாதக் காசிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்க வேண்டாம். எதை வாங்குகிறார் என்று கேட்கவும் வேண்டாம். சோல்டரிங் அயனும் ஸ்குரூடிரைவர் செட்டும்தான் வாங்குவார் என்று நினைக்கிறேன்.